மரம் நடக்கும், தெரியுமா?

கோயில் கோபுரத்தின் ஐந்தாம் நிலைக்கும் ஆறாம் நிலைக்கும் நடுவே, ஒரு சுதைச் சிற்பத்தின் தோளருகே, அரசங்கன்று ஒன்று தளதளவென்று நிற்கும். அங்கே மண் இல்லை. தண்ணீர் ஊற்றுவார் இல்லை. ஏறிப்போய் நட்டவரும் இல்லை. பிறகு யார் கொண்டுபோய் வைத்தது, தெரியுமா? எங்கேயோ ஓர் அரசமரத்தில் பழம் தின்ற மைனாவோ காகமோ குயிலோ கோபுரத்தில் வந்து உட்கார்ந்து எச்சமிட்டது. அவ்வளவுதான்! கடுகைவிடச் சிறிய விதை. காரை விரிசலில் தேங்கிய துளி ஈரம் அதற்குப் போதும். திருப்பணிக்கு வந்தவர்கள் வெட்டிவிட்டுப் போவார்கள். பறவை மறுபடி கொண்டுவந்து போடும். பனையின் கழுத்தில் ஆலங்கன்று ஏறி உட்கார்ந்து, வேரை இறக்கி, கடைசியில் பனையையே வளைத்துக்கொண்டு நிற்பதும் இதே வழியில்தான்.

ஆலும் அரசும் அத்தியும் ஒரே குடும்பம்; அது செத்துப்போன ஒரு தீவைக் காடாக்க உதவியது, தெரியுமா? 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்தது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போயிற்று. மிச்சமிருந்த பங்கு கொதிக்கும் சாம்பலுக்கு அடியில் புதைந்தது. புல், புழு, பூச்சி எதுவும் தப்பவில்லை என்றே அறிவியலாளர்கள் கருதினார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம் ஒரு பிரெஞ்சுக் குழு போய் இறங்கித் தேடியபோது கண்டது என்ன தெரியுமா? ஒரே ஒரு சிலந்தி! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், அந்தச் சாம்பல் மேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தது. பிடித்துத் தின்ன ஓர் ஈகூட இல்லாத இடத்தில் வலை! 1886-ல் தாவரவியலாளர் மெல்கியோர் த்ரூப் போனபோது பெரணிகளும் சில பூக்கும் செடிகளும் வந்திருந்தன. பிறகு கடலைத் தாண்டிப் பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அத்தி வகைகளின் விதையை வயிற்றில் சுமந்து வந்து இறக்கின. அத்திகள் காய்த்ததும் இன்னும் பறவைகள் வந்தன. அவை வேறு விதைகளைக் கொண்டுவந்தன. ஐம்பது ஆண்டுக்குள் அங்கே அடர்ந்த காடு. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு காடு இடம்பெயர்ந்து வந்திருக்கிறது!

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். விதை வந்து மரமானால் மட்டும் போதாது. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய நுண்ணிய குளவி வந்து மகரந்தம் சேர்த்தால்தான் மறுபடி விதை உண்டாகும். அந்தக் குளவி நீளத்தில் ஓரிரு மில்லிமீட்டர். ஆயுள் ஓரிரு நாள். அது எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? நமீபியப் பாலைவனத்தில், உகாப் ஆற்றங்கரையில் தனித்தனியாக நிற்கும் அத்தி மரங்களை மரபணு வழியே ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். அங்கே மகரந்தம் 160 கிலோமீட்டர் வரை பயணம் செய்திருந்தது. ஏறத்தாழ சென்னையிலிருந்து விழுப்புரம் வரை! பாலைவனக் காற்றில், வழியில் ஒரு நிழல்கூட இல்லாமல்.

சரி, அந்த முதல் சிலந்தி எப்படி வந்தது? அதுவும் பறந்துதான் வந்திருக்க வேண்டும். சிறகில்லாத சிலந்தி எப்படிப் பறக்கும் என்கிறீர்களா? புல்லின் நுனிக்கு ஏறி, கால் நுனிகளில் எழுந்து நின்று, வயிற்றை உயர்த்தி, நூலைக் காற்றில் விடும். நூல் இழுக்கும், சிலந்தி கிளம்பிவிடும். 1832-ல் பீகிள் கப்பலில் அர்ஜென்டினாக் கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி இருந்தபோது, கப்பலின் கயிறுகளிலெல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் எழுதி வைத்திருக்கிறார். காற்றே இல்லாத நாளிலும் சில சிலந்திகள் வேகமாகக் கிளம்பிப் போவது அவருக்குப் புதிராக இருந்தது. 2018-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. காற்று புகாத ஒரு பெட்டியில் சிலந்திகளை விட்டு, வெளியில் இயல்பாக இருக்கும் அளவுக்கு மின்புலத்தை உண்டாக்கினார்கள். சிலந்திகள் எழுந்து நின்றன, நூலை விட்டன, மேலே போயின! மின்புலத்தை நிறுத்தியதும் இறங்கின. வளிமண்டலத்தின் மின்சாரத்தில் சவாரி செய்யும் பிராணியின் உறவு நம் வீட்டு மூலையில் இருக்கிறது.

புதுத் தீவு ஒன்று பிறந்தால் முதலில் யார் வருவார், பிறகு யார் வருவார் என்று தொடக்கத்திலிருந்தே உட்கார்ந்து பார்க்கும் பேறும் மனிதருக்குக் கிடைத்திருக்கிறது. 1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்கடியில் எரிமலை வெடித்து சுர்ட்சே என்ற தீவு எழும்பியது. ஆராய்ச்சியாளர் தவிர எவரும் இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். 1965-ல் கடற்கரையில் முளைத்தது கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்று. அதன் விதை கடல்நீரில் மிதந்து வரக்கூடியது. திருக்கை இன மீன்களின் முட்டைப்பை இருக்கிறதே, அந்தச் சொரசொரப்பான பையில் புல்விதைகள் ஒட்டிக்கொண்டு வந்து கரை சேர்ந்ததையும் கண்டார்கள். மீன் முட்டையில் ஏறிப் புல் கடல் கடந்தது! ஆனாலும் இருபது ஆண்டு வரை தீவு பெரும்பாலும் கருங்கல்லாகவே கிடந்தது. 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கிய பிறகுதான் அடுக்கடுக்காகச் செடி வந்தது. விதையும் அவற்றின் எச்சத்தில், உரமும் அவற்றின் எச்சத்தில்.

டார்வின் பெயரைச் சொன்னதும் பலருக்குக் குரங்கு நினைவுக்கு வரும். எனக்கு அவர் வீட்டுக் கிண்ணங்கள்தான் நினைவுக்கு வரும். 1855 வாக்கில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். 87 வகை விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டார். 28 நாள் கழித்து எடுத்து விதைத்தால் 64 வகை முளைத்தன. சில 137 நாள் உப்பில் கிடந்தும் முளைத்தன! கடலில் விதை செத்துவிடும் என்று அதுவரை இருந்த நம்பிக்கை அங்கேயே உடைந்தது. இன்னொரு முறை ஒரு சின்னக் குட்டையின் ஓரத்திலிருந்து மூன்று கரண்டி சேறு எடுத்தார். காய்ந்தபின் அதன் எடை சுமார் 190 கிராம். மூடி வைத்து, ஆறு மாதம், முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். எத்தனை தெரியுமா? 537! ஒரு தேநீர்க் கோப்பைச் சேற்றில் 537 செடி. அந்தச் சேற்றை மிதித்துவிட்டுப் பறக்கும் கொக்கின் காலில் எத்தனை தோட்டம் ஒட்டியிருக்கும்!

அவர் சோதனை அதோடு நிற்கவில்லை. ஒரு வாத்தின் கால்களை மீன்தொட்டியில் தொங்கவிட்டார். அப்போதுதான் பொரித்த நத்தைக் குஞ்சுகள் அவற்றில் ஏறி இறுக ஒட்டிக்கொண்டன. தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த பிறகும், ஈரக் காற்றில் அவை 12 முதல் 20 மணி நேரம் உயிரோடு இருந்தன. அந்த நேரத்தில் ஒரு வாத்து ஆயிரம் கிலோமீட்டர் போய்விடும் என்று கணக்குப் போட்டார். நடக்கவே நாள் பிடிக்கும் நத்தை, ஒரே இரவில் நாடு கடக்கும் வழி அது. அடிபட்டுப் பறக்க முடியாமல் போன ஒரு கவுதாரியின் காலில் உருண்டையாக ஒட்டியிருந்த மண், மூன்று ஆண்டு சும்மா கிடந்த பிறகு அவர் கைக்கு வந்தது. உடைத்துத் தண்ணீர் தெளித்தார். 82 செடி முளைத்தது!

அவர் கடைசியாக வெளியிட்ட கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? ஒரு நீர்வண்டின் காலைக் கவ்விக்கொண்டிருந்த குட்டிச் சிப்பியைப் பற்றியது! நார்தாம்ப்டன் ஊரைச் சேர்ந்த கிரிக் என்ற செருப்புத் தயாரிப்பாளர் அந்த வண்டைப் பிடித்து அவருக்கு எழுதினார். பறக்கும் வண்டோடு சிப்பியும் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியோடு டார்வின் எழுதிய குறிப்பு 1882 ஏப்ரல் 6 அன்று 'நேச்சர்' இதழில் வந்தது. ஏப்ரல் 19 அன்று அவர் இறந்தார். அந்தச் செருப்புத் தயாரிப்பாளரின் பேரன் யார் தெரியுமா? பிரான்சிஸ் கிரிக். 1953-ல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர்!

ஏரி வற்றி, விரிந்து, வெடித்துக் கிடந்த ஊரில் மழை பெய்து ஒரு பருவம் கழிவதற்குள் மீன் துள்ளுவதை எத்தனை பேர் பார்த்திருப்போம். பெருவாரியான மீன் வாய்க்கால் வழியே வெள்ளத்தோடு வரும். சில சேற்றுக்குள் பதுங்கிக் கிடக்கும். வாய்க்காலே இல்லாத குட்டைக்கு? ஹங்கேரியில் செய்து 2020-ல் வெளியான ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. வாத்துகளுக்குக் கெண்டை இன மீன்களின் முட்டைகளை, மொத்தம் 8,000, ஊட்டிவிட்டு எச்சத்தைச் சோதித்தார்கள். செரிக்காமல் முழுதாக வந்தவை சுமார் 0.2 சதவீதம். அவற்றிலும் சில குஞ்சு பொரித்தன! ஆயிரத்தில் இரண்டு என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு கெண்டை ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். வாத்துகள் கூட்டங்கூட்டமாக முட்டை தின்னும். அப்படிப் பார்த்தால் வானத்தில் மீன் பறந்துகொண்டேதான் இருக்கிறது.

வாத்துகள் போகும் தூரமும் உயரமும் சிறிதல்ல. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகிறது, தெரியுமா? மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பறவை இது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததும் பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் மனிதருக்கு மூச்சு முட்டும். இது சிறகடித்துக்கொண்டு போகிறது!

பறவைகளும் விலங்குகளும் விதையைச் சும்மா சுமப்பதில்லை. சுமைகூலி உண்டு. பழத்தின் சதை என்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? மாம்பழத்தின் இனிப்பும் நாவற்பழத்தின் துவர்ப்பும் விதையைத் தூக்கிப் போகிறவருக்கு மரம் கொடுக்கும் கூலி. விதை முற்றும் வரை காய் பச்சையாகவும் புளிப்பாகவும் இருக்கும். முற்றிய பிறகே நிறம் மாறி, மணம் விட்டு, 'வா' என்று கூப்பிடும். யாருக்குக் கூலி என்பதிலும் மரத்துக்குத் தெளிவு உண்டு. மிளகாயைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துக் காட்டு மிளகாயை எலி தின்றால் விதையை மென்று அரைத்துவிடும். பறவைக்குப் பல் இல்லை. விதை முழுதாக வெளியே வரும். ஆகவே மிளகாய் தன் காரத்தை வைத்து எலியை விரட்டுகிறது. பறவைக்குக் காரமே தெரியாது! கிளி வரமிளகாயைக் கொறிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் நரம்பில் காரத்தை உணரும் வாயில் நம்முடையதைப் போலத் திறப்பதில்லை. அந்த வாயிலை மிளகாயைக் கொண்டே 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆமணக்கு விதையின் முனையில் வெளுத்த மொக்குப் போல ஒன்று துருத்திக்கொண்டிருக்குமே, அது எதற்குத் தெரியுமா? எறும்புக்குக் கூலி! கொழுப்பு நிறைந்த அந்த முனைக்காக எறும்பு விதையை இழுத்துக்கொண்டு புற்றுக்குப் போகும். மொக்கைத் தின்றுவிட்டு, கடினமான விதையைக் குப்பை ஒதுக்கும் இடத்தில் போடும். அந்தக் குப்பைதான் விதைக்கு எரு. உலகில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இப்படி எறும்பை நம்பியிருக்கின்றன. இதைப் பார்த்துக் குச்சிப்பூச்சிகளும் கற்றுக்கொண்டனவோ என்று தோன்றும்: சில இனங்களின் முட்டை அச்சு அசலாக விதை போலவே இருக்கும், முனையில் அதே கொழுப்பு மொக்கோடு! எறும்பு அதையும் தூக்கிப் போய்ப் பத்திரமாகப் புற்றில் வைக்கிறது.

புல்லுருவி சுமைகாரரைச் சரியாக இடம் பார்த்து இறக்கவே வைத்துவிடும். அதன் விதையைச் சுற்றிக் கோந்து உண்டு. மலர்கொத்தி என்கிற கட்டைவிரல் அளவுப் பறவை பழத்தைத் தின்றபின் எச்சம் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு விழாது. கிளையில் தேய்த்துத்தான் ஆக வேண்டும். தேய்த்த இடம் மாங்கிளை. புல்லுருவிக்கு வேண்டியதும் அதுவே!

கூலியே கொடுக்காமல் வேலை வாங்கும் செடிகளும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் செரடோகாரியம் என்ற நாணல் போன்ற செடி. அதன் விதை பெரியது, உருண்டை, பழுப்பு, மேலெல்லாம் சொரசொரப்பு. அதோடு சாண நாற்றம்! அங்கே மேயும் ஒருவகை மானின் புழுக்கையைப் போலவே உருவமும் வாடையும். எலிகள் இந்த விதையைத் தூக்கிப் போகின்றனவா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் கேமரா வைத்தார்கள். எலிகள் சட்டை செய்யவில்லை. சாணவண்டுகள் வந்தன. விதையை உருட்டின. குழி தோண்டிப் புதைத்தன. உள்ளே முட்டையிடப் பார்த்தால் கல் போல இறுகிக் கிடக்கும் விதை! வண்டுக்கு ஒரு கவளம்கூட மிச்சமில்லை. செடிக்கோ நல்ல ஆழத்தில் நட்ட நாற்று. 2015-ல் இது வெளியானது. நான் படித்த இயற்கைச் செய்திகளில் இதைப் போல வாய்பிளக்க வைத்தது வெகு சில.

நம் வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவியும் காலில் குத்தும் நெருஞ்சியும் இந்த வகைதான். நம்மைக் கேட்காமலே நம்மை வாகனமாக்கிக்கொள்கின்றன. 1941-ல் ஸ்விட்சர்லாந்தில் நாயோடு நடந்துவிட்டு வந்த ஜார்ஜ் த மெஸ்ட்ரால், நாயின் முடியில் ஒட்டிய முள்காயை நுண்ணோக்கியில் பார்த்தார். கொக்கி கொக்கியாக இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்று பள்ளிப் பிள்ளைகளின் காலணியிலும் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையிலும் 'சர்ர்' என்று பிரியும் வெல்க்ரோ. மருளூமத்தையின் முள்காய்க்கு உள்ளே இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு காயில் இரண்டு விதை. ஒன்று முதலில் முளைக்கும், மற்றது பெரும்பாலும் காத்திருந்து பிந்தி முளைக்கும். முதல் விதை வறட்சியில் கருகினாலும் குடும்பம் அழியாது!

எவரையும் நம்பாமல் தானே எறிகிற செடிகளும் உண்டு. காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டால் சுருண்டு வெடிக்கும். பள்ளிக்கூடத்து வேலியோரம் பட்டாசுக்காய் பறித்து, எச்சில் தொட்டு, கூட்டாளியின் சட்டைக்குள் போட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த 'டப்' சத்தம் தெரியும். நனைந்தால் காயின் நுனியிலுள்ள பிடிப்பு விட்டு, இரண்டு ஓடும் விலகித் தெறிக்கும். அதே பேரினத்துச் செடி ஒன்றை அதிவேகப் படமெடுத்துப் பார்த்தார்கள். தட்டையான அந்த விதை பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது. நொடிக்கு 1,600 சுற்றுக்கும் மேல்! சுழற்சி விதையை அலைபாயாமல் நேராக வைத்துக் காற்றின் தடையைக் குறைக்கிறது. அதனால் ஏழு மீட்டர் வரை போகிறது. அமெரிக்க வெப்ப மண்டலத்து ஹூரா மரத்தின் காய் வெடித்தால் விதை நொடிக்கு 70 மீட்டர் வேகம்வரை தொட்டிருக்கிறது. ஊசிப்புல் இன்னும் விசித்திரம். ஆடு மேய்ப்பவர்களுக்கு அதன் குத்தல் நன்றாகத் தெரியும். அதன் விதையின் வால் காய்ந்தால் முறுக்கும், ஈரத்தில் முறுக்கவிழும். பகல் வெயில், இரவுப் பனி. முறுக்கி அவிழ்ந்து முறுக்கி அவிழ்ந்து, விதை தன்னைத்தானே மண்ணுக்குள் துளைத்து நட்டுக்கொள்கிறது!

காற்றில் போகிறவர்கள் கதை தனி. எருக்கங்காய் வெடித்துப் பட்டுப்பஞ்சோடு விதை மிதப்பதைத் துரத்தாத பிள்ளை உண்டா? அதே போன்ற மயிர்க்குடை கொண்ட டேன்டிலியன் விதையை எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2018-ல் ஆராய்ந்தபோது, குடைக்கு மேலே காற்று ஒரு வளையமாகச் சுழன்று, விதையைத் தொடாமல், அதன் கூடவே மிதந்து வருவதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட தனித்து நிற்கும் சுழல்வளையத்தை இயற்கையில் அதற்குமுன் எவரும் கண்டதில்லை. ஜாவாக் காடுகளில் பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்று அகன்ற கண்ணாடிச் சிறகோடு விதையை மிதக்கவிடும். அதைப் பார்த்து ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் செய்த இறக்கையிலிருந்துதான் 1910-ல் பறந்த 'டௌபே' விமானம் உருவானது. நம் கடற்கரையில் இராவணன் மீசை இருக்கிறதே, அதன் விதைக்கொத்து முள்பந்தாகக் காய்ந்து, உடைந்து, காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். ஓடுகிற வழியெல்லாம் விதையை உதிர்த்துவிட்டுப் போகும்.

பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் சுரபுன்னைக் கிளைகளில் பச்சைக் குச்சிகள் தொங்குவதைக் கண்டு காய் என்று நினைப்பார்கள். அவை காய் மட்டுமில்லை, தாய்மரத்திலேயே முளைத்துவிட்ட கன்றுகள்! விழுந்து, படுத்தபடி மிதந்து, நாளாக ஆக அடி கனத்து நிமிர்ந்து, ஆழமில்லாச் சேற்றில் குத்திட்டு வேர்விடும். தேங்காய் கடலில் மிதந்தே உலகெங்கும் போயிற்று என்று நாம் படித்தோம். பாதிதான் சரி. 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுவைப் பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு, தென்னைக்கு இரண்டு பெருங்குடும்பம் என்று காட்டியது: ஒன்று பசிபிக் பக்கம், மற்றது தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு கொண்ட நம் பக்கம். இரண்டும் கலந்து நிற்கும் இடம் மடகாஸ்கர். தென்கிழக்காசியாவிலிருந்து படகேறி அங்கே போன மக்கள் தங்கள் தேங்காயையும் கொண்டுபோயிருக்கிறார்கள்! கடலோடு போட்டி போட்டுத் தென்னையைச் சுமந்தவை மனிதக் கைகள். நேர் எதிர்க் கதை செஷல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய். உலகிலேயே கனத்த விதை, 17 கிலோவுக்கு மேல்கூடப் போகும். உயிருள்ள காய் தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளே அழுகி வெறும் ஓடானது மட்டுமே மிதந்து மாலத்தீவுக் கரையில் ஒதுங்கியது. மரத்தைக் கண்டவர் எவருமில்லாததால், கடலுக்கடியில் மரம் இருக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். ஒதுங்குவதில் பெரியது எது தெரியுமா? 1995-ல் புயலுக்குப் பின் கரீபியத் தீவான அங்குவில்லாவில் வேரோடு பெயர்ந்த மரங்களின் மிதவை ஒன்று வந்து சேர்ந்தது. அதன்மேல் பதினைந்துக்கும் குறையாத பச்சை இகுவானாக்கள்! அந்தத் தீவில் அதற்குமுன் அந்தப் பல்லி கிடையாது. 2011 ஜப்பான் சுனாமி அடித்துச் சென்ற படகுகளிலும் மிதவைகளிலும் ஒட்டிக்கொண்டு, 289 வகை உயிரினங்கள் பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கரையில் உயிரோடு இறங்கின.

இனி நம் தலைக்கு மேலே பாருங்கள். வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசியில் மைதானங்களில் கூட்டங்கூட்டமாகத் தட்டான் பறக்கும். மாலத்தீவில் கடலாராய்ச்சி செய்துகொண்டிருந்த சார்லஸ் ஆண்டர்சன் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் அங்கே திடீரென்று இலட்சக்கணக்கில் தட்டான்கள் வந்து இறங்குவதைக் கவனித்தார். தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். மாலத்தீவிலோ தேங்கி நிற்கும் நன்னீரே அரிது. பின் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? ஆண்டாண்டாகக் குறித்து வைத்து, 2009-ல் அவர் சொன்ன விடை உலகை அசத்தியது. அவை தென்னிந்தியாவிலிருந்து வருகின்றன. உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து, மாலத்தீவில் சற்றே இளைப்பாறி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன! மழைக்குட்டைகளைத் துரத்திக்கொண்டு ஆப்பிரிக்காவில் பெருகி, தென்மேற்குப் பருவக்காற்றில் அவற்றின் வழித்தோன்றல்கள் இந்தியாவுக்குத் திரும்புகின்றன. முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தட்டான் அதைச் செய்வதில்லை. நான்கு தலைமுறை சேர்ந்து முடிக்கும் யாத்திரை. போகிற ஒவ்வொன்றுக்கும் வழி காட்ட முன்பு போய்வந்த பெரியவர் எவருமில்லை. அதே வேளையில் அதே கடலைத் தாண்டும் அமுர் வல்லூறுகளுக்கு வழியில் இவையே உணவாகின்றன என்றும் அவர் கருதினார். ஒரு கிராம் எடைகூட இல்லாத பூச்சி!

தூக்கிச் செல்பவர் போய்விட்டால் மரம் என்ன செய்யும்? களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஆராய்ந்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரம் கொடிகளின் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புவது தெரிந்தது. ஆனைமலையின் இருவாச்சி வாயகலமான பறவை. சிறு பறவைகளின் தொண்டையில் நுழையாத பெரிய விதைகளை விழுங்கி, தொலைவில் கக்கும். பெரிய இருவாச்சிகள் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் விதையைக் கொண்டுபோவதை அருணாசலப் பிரதேசத்தில் கண்டிருக்கிறார்கள். இந்தப் பறவையைச் சுட்டுத் தள்ளிய காட்டில் மரம் பூக்கும், காய்க்கும். ஆனால் பழமெல்லாம் தாயின் காலடியிலேயே விழுந்து, நெரிசலில் முளைத்து மடியும். பார்வைக்குக் காடு பச்சையாகத்தான் இருக்கும். இதைவிட வயிற்றைப் பிசையும் செய்தி காட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆள் கிடைத்தால் எதுவும் பரவும் என்பதற்கு இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலே சாட்சி: இனிப்பு நெற்றை ஆடும் மாடும் தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடு விழும், எருவோடு சேர்ந்தே முளைக்கும். அயல்நாட்டு மரம் ஒன்று நம் ஆட்டுக்குக் கூலி கொடுத்து மாவட்டத்தையே வளைத்துக்கொண்டது.

வெண்ணெய்ப் பழத்தின் கொட்டை ஏன் அத்தனை பெரிது தெரியுமா? இன்றைய அமெரிக்கக் காட்டில் அதை முழுதாக விழுங்கும் விலங்கு மிக அரிது. பத்தாயிரம் ஆண்டுக்கு முன் அழிந்துபோன ஸ்லாத் இனப் பெருவிலங்குகளும் யானை இனங்களும்தாம் இத்தகைய பழங்களுக்குச் சுமைகாரர்கள் என்று 1982-ல் ஆய்வாளர்கள் ஜான்சனும் மார்ட்டினும் வாதிட்டார்கள். இதே வகைக் கதையாக, மொரீஷியஸில் டோடோ பறவை அழிந்ததால் ஒரு மரம் முளைப்பதையே நிறுத்திவிட்டது என்று நம் இதழ்களில் திரும்பத் திரும்ப வரும். 1977-ல் வந்த அந்தக் கருத்து பிறகு நிற்கவில்லை. டோடோ போனபின் முளைத்த மரங்களும் அங்கே இருந்தன. மெய்யான அதிசயங்கள் இவ்வளவு இருக்க, பொய்த்த ஒன்றை நாம் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

இடம் கடப்பதைப் போலக் காலம் கடப்பதும் விதைக்குப் பயணம்தான், தெரியுமா? இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டையை 2005-ல் நட்டார்கள். முளைத்தது! மெதூசலா என்று பேர் வைத்தார்கள். அது ஆண் மரம். அதே போன்ற பழைய விதையிலிருந்து பின்னால் வளர்த்த ஹன்னா என்ற பெண் மரத்துக்கு அதன் மகரந்தத்தைச் சேர்த்து, 2020-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பழம் பறித்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் இருபது கண்ணாடிப் புட்டிகளில் மணலோடு விதைகளைக் கலந்து, வாய் கீழ்நோக்கி, பல்கலைக்கழக வளாகத்தில் புதைத்தார். வகைக்கு ஐம்பது விதை. தொடக்கத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒன்று, பிறகு பத்து ஆண்டுக்கு ஒன்று, இப்போது இருபது ஆண்டுக்கு ஒன்று என்று புட்டியைத் தோண்டுகிறார்கள். வெளிச்சம் பட்டு மற்ற விதைகள் விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இரவில்தான் தோண்டுவார்கள். எங்கே புதைத்தது என்பது சிலருக்கு மட்டுமே தெரியும். ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர் அடுத்த தலைமுறைக்கு வரைபடத்தைக் கைமாற்றுகிறார். 2021-ல் எடுத்த புட்டியில், 142 ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்து இலைவிட்டன. இன்னும் நான்கு புட்டிகள் பாக்கி: 2040, 2060, 2080, 2100.